அசை எங்கே முடிகிறது?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிடம் ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லில் எத்தனை அசைகள் என்று கேட்டால் தயங்காமல் ஐந்து என்பார்கள். எழுத்தறியாத சிறுபிள்ளைகூடக் கைதட்டி எண்ணிவிடும். சிக்கல் அடுத்த கேள்வியில் வருகிறது. மூன்றாம் அசை எங்கே முடிந்து நான்காம் அசை எங்கே தொடங்குகிறது? நடுவே நிற்கும் ‘ஷ்’ என்னும் ஒலி முன்னதன் கடைசியா, பின்னதன் முதலா? இங்கே விடைகள் பிரிகின்றன. ‘எக்ஸ்ட்ரா’ என்ற சொல் இதைவிடக் கடினமானது. அதில் இரண்டு அசைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘எக்-ஸ்ட்ரா’ என்றும் ‘எக்ஸ்-ட்ரா’ என்றும் ‘எக்ஸ்ட்-ரா’ என்றும் அதைப் பிரிக்கலாம். மூன்று பிரிப்புக்கும் நியாயம் சொல்ல ஆளுண்டு. எண்ணிக்கை உறுதியாகத் தெரிகிறது, எல்லை தெரிவதில்லை.

உச்சரிப்புப் பாடத்தில் வரும் சின்னச் சிக்கலைப் போன்ற இதற்குள் மெய்யியலின் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒன்று உண்மையில் உள்ளது என்று சொல்ல அதற்குத் தெளிவான எல்லை வேண்டுமா? எல்லையைக் காட்ட முடியாத ஒன்றை ‘இருக்கிறது’ என்று சொல்வது எந்தப் பொருளில்? நீண்ட ஆங்கிலச் சொற்களின் அசைப் பிரிப்பும் அழுத்தமும் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க மிக நல்ல இடம். இரண்டும் அன்றாடம் கேட்பவை, அளக்கக்கூடியவை; அப்படியிருந்தும் கையில் பிடிக்க முடியாதவை.

அசை என்ற சொல் இங்கே மொழியியலில் வழங்கும் பொருளில் வருகிறது: ஓர் உயிரொலியையோ அதற்கு ஈடான ஒன்றையோ நடுவாகக் கொண்டு அமையும் ஒலித்தொகுதி. யாப்பிலக்கணத்தின் அசை வேறு. அங்கே ‘மலர்’ ஒரு நிரையசை. இங்கே கணக்கிட்டால் இரண்டு அசை.

முதலில் அச்சகத்தின் வழக்கத்தைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். வரியின் இறுதியில் சொல்லை உடைத்துச் சிறுகோடு போடும் முறைகள்தாம் பலருக்கும் அசைப் பிரிப்பாகத் தெரிகின்றன. தாமஸ் டில்வொர்த் 1740-இல் வெளியிட்ட எழுத்துப் பயிற்சி நூலைக் கொண்டு இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பிள்ளைகள் படித்தார்கள். உயிர்களுக்கு இடையே வரும் மெய் பின்னதைச் சேரும் என்பது அதன் விதி. ஆகவே ‘ஹாபிட்’ என்பதை ‘ஹா-பிட்’ என்றும் ‘கிளஸ்டர்’ என்பதை ‘கிள-ஸ்டர்’ என்றும் அது பிரித்தது. நோவா வெப்ஸ்டர் 1783-இல் தம் எழுத்துப் பயிற்சி நூலை வெளியிட்டபோது இந்த விதியை வன்மையாக மறுத்தார். காதில் விழுகிறபடி ‘ஹாப்-இட்’, ‘கிளஸ்-டர்’ என்றே பிரிக்க வேண்டும் என்றார். அமெரிக்க அச்சு மரபு பெரும்பாலும் ஒலியைப் பின்பற்றியது. பிரிட்டிஷ் மரபு சொல்லின் ஆக்கத்துக்கு, அதாவது வேரும் ஒட்டும் சேரும் இடத்துக்கு, கூடுதல் மதிப்புக் கொடுத்தது. இரண்டும் இசைந்துபோகாத இடங்கள் நிறைய. ‘ஹெலிகாப்டர்’ என்ற சொல் கிரேக்கத்தில் ‘சுருள்’ என்று பொருள்படும் ‘ஹெலிகோ’, ‘சிறகு’ என்று பொருள்படும் ‘ப்டெரோன்’ ஆகிய இரண்டும் சேர்ந்து பிறந்தது. ‘ப்ட்’ என்ற தொடக்கத்தை ஆங்கில வாய் ஏற்காது. அதனால் வெட்டு ‘ப்’ ஒலிக்குப் பின்னால் விழுந்தது. மக்கள் ‘ஹெலி’ என்றும் ‘காப்டர்’ என்றும் இரண்டு துண்டுகள் இருப்பதாகவே கேட்டார்கள். ‘ஹெலிபோர்ட்’ போன்ற புதுச்சொற்கள் அந்தத் துண்டிலிருந்து முளைத்தன. சொல்லின் வரலாறு ஓரிடத்திலும் காது வேறிடத்திலும் வெட்டுகின்றன. அகராதி இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் அது ஒரு வழக்கத்தைத் தேர்வதே. அசையின் இயல்பைப் பற்றி அதனால் எதுவும் முடிவாகாது.

அந்த இயல்பைப் பேசுகிறவரின் உடம்பில் தேடியவர் அமெரிக்க உளவியலாளர் ஆர். எச். ஸ்டெட்சன். மார்புக்கூட்டுத் தசைகள் ஒவ்வோர் அசைக்கும் ஒருமுறை துடிக்கின்றன, அந்தத் துடிப்பே அசை என்று அவர் 1928-இல் எழுதினார். கோட்பாடு எளியது, அழகானது. அது மெய்யாக இருந்திருந்தால் அசைக்கு உடலில் ஓர் உறுதியான இருப்பிடம் கிடைத்திருக்கும். 1950-களில் பீட்டர் லேடிஃபோகெட் தம் துணைவர்களுடன் எடின்பரோவில் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளின் மின்செயலை அளந்தார். ஒரே துடிப்பில் இரண்டு அசைகள் வெளிவந்த சொற்களும் இருந்தன, ஒரே அசைக்குள் இரண்டு துடிப்புகள் தெரிந்த சொற்களும் இருந்தன. மார்புத் துடிப்புக் கோட்பாடு அத்துடன் நிலைகுலைந்தது.

அடுத்த இடம் ஒலி. உயிர்கள் உரக்க ஒலிப்பவை. ‘ர, ல’ போன்றவை அவற்றுக்கு அடுத்தபடி. மூக்கொலிகள் அதற்கும் கீழே. ‘ப, ட, க’ போன்ற வல்லொலிகள் எல்லாவற்றுக்கும் கீழே. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ எஸ்பர்சன் முதலியோர் இந்த ஒலிப்புத்திறன் வரிசையைக் கொண்டு அசையை விளக்கினார்கள். சொல்லை உச்சரிக்கையில் ஒலிப்புத்திறன் மலைத்தொடர் போல ஏறி இறங்குகிறது. எத்தனை சிகரமோ அத்தனை அசை. எண்ணிக்கை ஏன் எளிது, எல்லை ஏன் அரிது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை வந்ததில்லை. சிகரங்களை எண்ணிவிடலாம், ஆனால் ஒரு மலை முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு பள்ளத்தாக்கில் எங்கும் வரையப்பட்டிருப்பதில்லை.

இந்த விளக்கத்திலும் ஓட்டை உண்டு. ‘ஸ்’ என்ற ஒலி ‘ட்’ என்பதைவிட உரக்க ஒலிப்பது. அப்படியானால் ‘ஸ்டாப்’ என்ற சொல்லில் ‘ஸ்’ ஒரு தனிச் சிகரம் ஆக வேண்டும். சொல்லுக்கு இரண்டு அசை கிடைக்க வேண்டும். ஆங்கிலேயர் காதில் அது ஓரசைச் சொல். தமிழ்நாட்டின் பேச்சுவழக்கில் ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ ஆனபோது அந்த மறைந்த சிகரத்துக்கு ஓர் உயிரொலி கிடைத்துவிட்டது. ரகர, லகரத்தைச் சொல்லின் முதலில் ஏற்காத மரபு ‘இராமன்’, ‘இலண்டன்’ என்று எழுதிய அதே பாங்குதான் இங்கும் வேலை செய்கிறது. ஒலி ஒன்றே, ஒரு மொழியில் அது ஓரசை, மற்றொன்றில் ஈரசை.

மூன்றாவது வழி, ஒலி எங்கெங்கே வர அனுமதி உண்டு என்று பார்ப்பது. ஒரு மெய்க்கூட்டம் சொல்லின் முதலில் வரத்தக்கதாக இருந்தால் அது பின் அசையைச் சேரும் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விதி. ‘ஸ்ட்ர’ என்று தொடங்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம், ஆகவே ‘எக்-ஸ்ட்ரா’. ஆனால் ‘லெமன்’ என்ற சொல்லில் இந்த விதி மற்றொரு விதியோடு மோதுகிறது. குறுகிய ‘எ’ ஒலியோடு முடியும் ஆங்கிலச் சொல் இல்லை. அழுத்தம் பெற்ற அசை அப்படித் திறந்து கிடக்க அம்மொழி இடம் தருவதில்லை. எனவே ‘ம்’ முன் அசைக்கும் வேண்டும், பின் அசைக்கும் வேண்டும். டேனியல் கான் 1976-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார்: அந்த மெய் இரண்டு அசைகளுக்கும் உரியது. ஒரே உறுப்பு இரண்டு முழுமைகளில் ஒரே சமயத்தில் இடம்பெறுகிறது. துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய பகுதிகளால் ஆனதே முழுமை என்று பழகிய சிந்தனைக்கு இது ஒவ்வாதது. ஆனாலும் சொல்லின் நடத்தை இதைத்தான் கேட்கிறது.

அசையே தேவையில்லை என்று கருதும் வழியும் முயலப்பட்டது. நோம் சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலியும் 1968-இல் வெளியிட்ட பெருநூலில் ஆங்கில ஒலியமைப்பை அசை என்ற அலகு இல்லாமலேயே விதிகளாக்கிக் காட்டினார்கள். உயிர், மெய் என்ற வரிசை மட்டும் போதும் என்பது அதன் அடிப்படை. அதற்கு எதிராக நிற்கும் சான்றுகளுள் மிகத் தெளிவானது ‘நைட்ரேட்’ என்ற வேதியியல் சொல்லும், ‘இரவுக் கட்டணம்’ என்று பொருள்படும் ‘நைட் ரேட்’ என்ற தொடரும். ஒலிகள் ஒன்றே, வரிசையும் ஒன்றே. ஆனால் முதலாவதில் ‘ட்’, ‘ர’ இரண்டும் ஒட்டி உராய்ந்து வெளிவருகின்றன. இரண்டாவதில் ‘ட்’ தொண்டையில் நின்றுவிடுகிறது, ‘ர’ தெளிவாக எழுகிறது. கேட்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. உறுப்புகளும் வரிசையும் ஒன்றாகவே இருந்து கட்டமைப்பு மட்டும் வேறாக இருக்க முடியும் என்பதற்கு இந்த இணை போதும்.

இந்த இடத்தில் ஆய்வுக்கூடம் கிரேக்க மெய்யியலின் வாசலுக்கு வந்துவிடுகிறது. பிளேட்டோவின் ‘தியேட்டட்டஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் தம் பெயரின் முதல் அசையையே எடுத்துக்கொண்டு கேட்கிறார்: ‘ஸோ’ என்ற அசை ‘ஸ்’, ‘ஓ’ என்ற இரண்டு எழுத்துகளா, இல்லை அவற்றிலிருந்து எழும் தனியொரு வடிவமா? எழுத்துகளே என்றால், எழுத்துகளை அறியாமல் அசையை அறிய முடியாது. தனி வடிவம் என்றால், அதற்குப் பகுதிகள் இருக்கலாகாது. அதுவும் எழுத்தைப் போலப் பிரிக்க முடியாததாகி, அறிய முடியாததாகிவிடும். அறிவு என்பது என்ன என்று தேடும் நூல், இறுதிப் பகுதியில் ஓர் அசையின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுகிறது. கடைசியில் சாக்ரடீஸ் அனுபவத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்: படிக்கத் தொடங்கியபோது முதலில் எழுத்துகளைத்தானே பிரித்தறியக் கற்றோம்? ஆகவே அசையைவிட எழுத்தே தெளிவாக அறியப்படுவது என்கிறார்.

இந்தச் சாட்சியம் எழுத்தறிந்தவரின் சாட்சியம் என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. போர்ச்சுகலில் எழுத்தறியாத முதியோரிடம் ஜோசே மொராயிஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 1979-இல் வெளிவந்தது. சொல்லின் முதலிலிருந்து ஒரு மெய்யை நீக்கிச் சொல்லும்படி கேட்டபோது அவர்களால் பெரும்பாலும் இயலவில்லை. முதிர்ந்த வயதில் எழுத்துக் கற்றவர்களால் இயன்றது. அதே குழு பின்னர் நடத்திய சோதனைகளில் எழுத்தறியாதவர்கள் அசைகளை இதைவிட நன்றாகவே கையாண்டார்கள். பிறந்து நான்கு நாளே ஆன குழந்தைகள் ஈரசைத் தொடரையும் மூவசைத் தொடரையும் வேறுபடுத்துவதாக 1993-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு கண்டது. எழுத்து கல்வியால் வருவது. அசை அதற்கு முன்பே காதில் இருக்கிறது. அறிவின் வரிசையைப் பற்றிய ஒரு பெருங்கேள்வியில் சாக்ரடீஸ் காட்டிய திசைக்கு நேர்மாறான திசையை எழுத்தறியா முதியோரும் பச்சிளங்குழந்தைகளும் காட்டியிருக்கிறார்கள்.

அரிஸ்டாட்டில் தம் ‘மெட்டாஃபிசிக்ஸ்’ நூலின் ஏழாம் பகுதி இறுதியில் அதே எடுத்துக்காட்டைக் கையாள்கிறார். ‘ப’ என்ற அசை ‘ப்’, ‘அ’ என்ற இரண்டின் குவியல் ஆகாது. அசையைக் கலைத்தால் எழுத்துகள் எஞ்சும், அசை எஞ்சாது. ஆகவே அசையில் எழுத்துகளுக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று உண்டு. அந்த ஒன்று இன்னோர் எழுத்தாக இருக்க முடியாது. இருந்தால் அதையும் மற்றவற்றையும் சேர்த்து வைக்க மேலும் ஒன்று வேண்டியிருக்கும். அதை அவர் வடிவம் என்றார். ‘நைட்ரேட்’ இணை அவருக்குக் கிடைத்திருந்தால் வாதம் இரண்டே வரியில் முடிந்திருக்கும். பிளேட்டோ எழுப்பிய இக்கட்டுக்கு இதுவே சரியான விடையாகப் படுகிறது: முழுமை பகுதிகளால் ஆனதுதான், ஆனால் பகுதிகளின் பட்டியலால் ஆனதன்று.

அழுத்தத்தை எடுத்துக்கொண்டால் கேள்வி இன்னும் ஆழமாகிறது. அசைக்காவது ஒலி என்ற உடல் உண்டு. அழுத்தத்துக்கு அதுவும் ஒன்றாக இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டெனிஸ் ஃப்ரை 1955-இலும் 1958-இலும் வெளியிட்ட சோதனைகளில், முதல் அசை அழுந்தினால் பெயராகவும் இரண்டாம் அசை அழுந்தினால் வினையாகவும் ஆகும் ‘ஆப்ஜெக்ட்’ போன்ற சொற்களைச் செயற்கையாக ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு கூறாக மாற்றிக் கேட்கவைத்தார். அழுத்தம் என்றால் உரத்த ஒலி என்பதே பொதுவான எண்ணம். கேட்டவர்களின் தீர்ப்பை உரப்பு குறைவாகவே மாற்றியது. உயிரின் நீளமும் சுருதியின் மாற்றமும் அதைவிட வலிமையாக மாற்றின. நீளம், சுருதி, உரப்பு, உயிரின் தெளிவு ஆகிய எல்லாம் அழுத்தத்துக்குச் சான்றுகள். எந்த ஒன்றும் அதுவே அழுத்தம் ஆகாது. ஆங்கில ஒலியியலின் மூத்த ஆசிரியர் டேனியல் ஜோன்ஸ், அழுத்தம் பேசுகிறவர் தமக்குள் உணரும் முயற்சி என்றும், ஒலியே இல்லாத கணத்தின் மேலும் அது விழலாம் என்றும் கருதியவர்.

மார்க் லிபர்மனும் ஆலன் பிரின்ஸும் 1977-இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் புதிரை வேறு கோணத்திலிருந்து பார்த்தது. அழுத்தம் ஓர் அசையிடம் இருக்கும் பண்பே அன்று. இரண்டு அசைகளுக்கு இடையே உள்ள உறவு. ஒன்று வலியது என்றால் பக்கத்திலுள்ள ஒன்றை நோக்க வலியது. தனியே நிற்கும் அசைக்கு வலிமை என்ற பேச்சே பொருந்தாது. நீண்ட சொல்லில் இந்த உறவுகள் படிப்படியாக ஏறுகின்றன. ‘இன்டர்நேஷனல்’ என்பதில் முதல் அசை இரண்டாவதைவிட வலியது, மூன்றாவது நான்காவதைவிட வலியது. இவ்விரு கூட்டங்களுள் பின்னது முன்னதைவிட வலியது. அதனால் மூன்றாம் அசை தலைமை அழுத்தமும் முதல் அசை துணை அழுத்தமும் பெறுகின்றன. பக்கத்துச் சொல்கூட இதில் தலையிடும். ‘தர்டீன்’ தனியாக நின்றால் அழுத்தம் கடைசியில். அடுத்து ‘மென்’ வந்தால் அது முன்னால் நகர்ந்துவிடுகிறது. சொல்லின் உள்ளே இருப்பதாக எண்ணிய ஒன்று, சொல்லுக்கு வெளியே என்ன வருகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

இப்படிச் சொன்னதால் அது விருப்பம்போல் அமைவது என்று ஆகாது. இலத்தீனிலிருந்து வந்த பழைய விதி ஒன்று இன்றும் ஆங்கிலச் சொற்களை ஆள்கிறது: கடைசிக்கு முந்திய அசை கனமாக இருந்தால் அழுத்தம் அதன் மேல், அது இலேசானால் ஓர் அசை முன்னே. ‘அஜெண்டா’, ‘வெராண்டா’ இரண்டிலும் நடு அசை மெய்யால் அடைபட்டுக் கனத்திருப்பதால் அழுத்தம் அங்கே. ‘சினிமா’, ‘அமெரிக்கா’ இரண்டிலும் அது இலேசாக இருப்பதால் அழுத்தம் பின்வாங்கி ‘சி’, ‘மெ’ ஆகிய அசைகளில் விழுகிறது. இலத்தீன்வழி வந்த விகுதிகள் அழுத்தத்தை இழுக்கும்: ‘யூனிவர்ஸ்’ முதல் அசையில் அழுந்தும், ‘யூனிவர்சிட்டி’ மூன்றாம் அசையில். ஜெர்மானிய விகுதிகள் அதைத் தொடா: ‘ஃப்ரெண்ட்’, ‘ஃப்ரெண்ட்லி’, ‘ஃப்ரெண்ட்லினஸ்’ என்று சொல் எவ்வளவு நீண்டாலும் முதலசை அசையாது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் இரண்டு சொல்மரபுகள் ஒரே மொழியில் கலந்ததன் தடம் இது. விதிக்கு அடங்காதவையும் உண்டு. ‘இக்’ என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் அதற்கு முந்திய அசையில் அழுந்த, ‘கேத்தலிக்’ போன்ற சில முதலிலேயே நின்றுவிட்டன.

‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லோடு ‘இ’ சேர்ந்து ‘ஃபட்டாகிரஃபி’ ஆகும்போது நிகழ்வது இவை எல்லாவற்றிலும் வியப்பானது. அழுத்தம் முதலிலிருந்து இரண்டாவதற்குப் போகிறது. அழுத்தம் இழந்த உயிர் ஆங்கிலத்தில் மங்கி அடையாளம் தெரியாத அகரம்போல் ஆகிவிடும். ஆகவே முதல் உயிர் மங்குகிறது, மங்கியிருந்த இரண்டாவது தெளிகிறது, தெளிவாயிருந்த மூன்றாவது மங்குகிறது. இரண்டு சொல்லுக்கும் பொதுவான பகுதியில் ஓர் உயிர்கூட அப்படியே எஞ்சவில்லை. அசை எல்லைகளும் இடம் மாறிவிட்டன. அப்படியும் இரண்டும் ஒரே வேரின் பிள்ளைகள் என்பதைக் கேட்பவர் அறிகிறார். எது மாறாமல் இருந்தது? சோம்ஸ்கியும் ஹாலியும் இதற்குச் சொன்ன விடை, மனத்தில் உறையும் அடிப்படை வடிவம் ஒன்று உண்டு, விதிகள் அதிலிருந்து வெவ்வேறு ஒலிகளைப் பிறப்பிக்கின்றன என்பது. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒலியைவிட அந்த அடிப்படை வடிவத்துக்கே நெருக்கமானது என்றும் அவர்கள் வாதிட்டார்கள்.

உறவாக இருப்பது காலத்தில் நிகழ்ந்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. ‘ஃபோ’ வலியது என்பது அடுத்த அசை மெலிந்த பிறகே தெரியும். அப்போது ‘ஃபோ’ ஒலித்து மறைந்துவிட்டது. இல்லாத ஒன்றை இருக்கும் ஒன்றோடு ஒப்பிடுவது எப்படி? 400-ஆம் ஆண்டளவில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் புனித அகஸ்டின் ‘ஒப்புதல்கள்’ நூலின் பதினோராம் பகுதியில் இறைவனை நோக்கி எழுப்பிய கேள்வி இதுவேதான். மிலான் ஆயர் அம்புரோஸ் இயற்றிய மாலைத் துதியின் எட்டசை அடி ஒன்றை எடுத்து, குறிலும் நெடிலும் மாறிமாறி வருவதைக் காட்டுகிறார். நெடில் குறிலைப்போல் இருமடங்கு என்று உணர்கிறோம். ஆனால் நெடில் ஒலித்து முடியும்வரை அதை அளக்க முடியாது, முடிந்ததும் அது இல்லை. ஆகவே அளக்கப்படுவது வெளியே சென்ற ஒலியாக இருக்க முடியாது, நினைவில் பதிந்து நிற்கும் ஒன்றே அளக்கப்படுகிறது என்ற முடிவுக்கு வந்து, காலமே மனத்தின் விரிவு என்கிறார். அவர் பேசியது நீளத்தைப் பற்றி, அழுத்தத்தைப் பற்றியன்று. வேறொரு நூலில், ஆப்பிரிக்கக் காதுகளுக்கு உயிரின் குறுமையும் நெடுமையும் தெரிவதில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். தம் ஊர் மக்களின் காதுக்கு எட்டாத ஒன்றை அளவுகோலாக வைத்துக் காலத்தை ஆராய்ந்திருக்கிறார். மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்த தொல்காப்பியத்துக்கு நீளத்தின் அளவு தேவைப்பட்டது. அது எங்கே வைத்து அளக்கப்படுகிறது என்ற கேள்விக்குள் அவ்விலக்கணம் போகவில்லை.

ஒலிகள் ஒவ்வொன்றாக மறைந்தும் சொல் எப்படி முழுதாகப் புரிகிறது என்பது இந்தியத் தத்துவத்தில் பெரும் வழக்காக நடந்த விவாதம். ‘வாக்கியபதீயம்’ இயற்றிய பர்த்ருஹரி, பொருளைத் தருவது பகுதியற்ற ஸ்போடம் என்றார். ஒலிகள் அதைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்துகின்றன, கடைசி ஒலியில் அது தெளிவாகிறது; எழுத்து, சொல் என்னும் பிரிவுகள் கற்பிப்பதற்காக இலக்கணம் செய்துகொண்டவை. மீமாம்சகரான குமாரிலபட்டர் இதை ஏற்கவில்லை. எழுத்துகளே உண்மை, முன் எழுத்துகள் விட்டுச்சென்ற பதிவுகளோடு கடைசி எழுத்து சேரும்போது பொருள் விளைகிறது, கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத புதிய பொருள் ஒன்றைக் கற்பிக்கத் தேவையில்லை என்றார். ஆதிசங்கரரும் பிரம்மசூத்திர உரையில் ஸ்போடத்தை மறுத்தார். வேதச் சொல்லின் நித்தியத்தன்மை இவ்விவாதத்தில் தொங்கிக்கொண்டிருந்ததால் அது வெறும் இலக்கணச் சச்சரவாக இருக்கவில்லை.

ஆங்கில அசையை வைத்து இரு தரப்பையும் உரசிப் பார்த்தால், எல்லையைப் பொறுத்தவரை பர்த்ருஹரியின் கை ஓங்குகிறது. ‘லெமன்’ என்பதன் நடுக்கோடு ஆசிரியரும் அகராதியும் போட்டுக்கொள்வது; சொல்லுக்குள் அது இல்லை. அழுத்தத்துக்கு வந்தால் குமாரிலரின் பதிவுக் கோட்பாடு நன்கு பொருந்துகிறது. மறைந்த அசையின் பதிவும் இப்போது ஒலிக்கும் அசையும் சேர்வதே அழுத்தத்தை உணர்வது. ஆனால் எல்லாப் பிரிவும் கற்பிதம் என்று பர்த்ருஹரி சொல்லும் அளவுக்குப் போக முடியாது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் கோபத்திலோ வியப்பிலோ ஒரு வசைச்சொல்லை நீண்ட சொல்லின் நடுவே செருகுவதுண்டு. ‘அப்ஸொலூட்லி’ என்பதில் அது ‘அப்ஸொ’வுக்கும் ‘லூட்லி’க்கும் இடையே, தலைமை அழுத்தத்துக்குச் சற்று முன், விழும், ‘அப்’ என்பதற்குப் பின்னால் யாரும் அதைச் செருகுவதில்லை. எந்தப் பள்ளியும் இதைக் கற்பிப்பதில்லை. கற்பிக்காத இடத்திலும் ஒரே இடத்தில் விழும் வெட்டைக் கற்பிதம் என்பது பொருந்தாது.

கேட்கும் மனத்தில் இருப்பது என்றால் யாருடைய மனத்தில்? ‘ஸ்ட்ரைக்’ ஆங்கிலத்தில் ஓரசை. ஜப்பானியர் அதை ‘சுடொராய்கு’ என்று ஐந்து மாத்திரை அலகுகளாக்கிக்கொண்டார்கள். உச்சரிக்கும்போது மட்டும் நிகழும் மாற்றமன்று இது. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வரும் ஒலிப்பதிவைக் கேட்டபோது ஜப்பானியர் நடுவே இல்லாத ‘உ’ ஒலியைக் கேட்டதாக எமானுவேல் துபூ குழுவினர் 1999-இல் காட்டினர். அதே குழு 1997-இல், அழுத்தத்தால் மட்டும் வேறுபடும் சொற்களைப் பிரித்தறியப் பிரெஞ்சுக்காரர்கள் திணறுவதைக் கண்டது. பிரெஞ்சில் அழுத்தம் சொற்களை வேறுபடுத்துவதில்லை. தமிழிலும் அப்படியே. ஆகவே அசையும் அழுத்தமும் தனி மனிதரின் கற்பனை ஆகா, காற்றில் பரவும் அலையின் பண்பும் ஆகா. ஒரு மொழிச் சமூகத்தின் காதுகள் ஒருமித்துப் பழகியதில் அவை இருக்கின்றன. அந்தப் பழக்கத்துக்குள் பிறந்த குழந்தைக்கு அவை தேர்வு அல்ல. மரத்தையும் கல்லையும் போல எதிரே நிற்பவை.

பழக்கம் மாறும். ‘பால்கனி’ என்ற சொல் இத்தாலியத்திலிருந்து வந்தபோது நடு அசையில் அழுந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அழுத்தம் முதலசைக்குப் போனது. கவிஞர் சாமுவேல் ரோஜர்ஸ் அதைக் கேட்டு மனம் நொந்தார். இன்று பழைய உச்சரிப்புத்தான் பிழை. ‘கான்ட்ரவர்சி’ என்பதைப் பிரிட்டனில் இப்போது முதலசையில் அழுத்துவோரும் உண்டு, இரண்டாம் அசையில் அழுத்துவோரும் உண்டு. அகராதிகள் இரண்டையும் பதிகின்றன. ‘லெபரட்டரி’ அமெரிக்காவில் முதலசையிலும் பிரிட்டனில் இரண்டாம் அசையிலும் அழுந்துகிறது. சரி, தவறு என்ற தீர்ப்பு இத்தகைய வழக்குகளில் காலத்தையும் இடத்தையும் சொல்லாமல் முழுமை அடையாது.

ஆனாலும் அந்தத் தீர்ப்புக்கு ஓர் எடை உண்டு, அது எல்லைக்கும் அழுத்தத்துக்கும் சமமாக இல்லை. ‘எக்ஸ்ட்ரா’வை எங்கே வெட்டினாலும் யாருக்கும் எதுவும் புரியாமல் போகாது, திருத்துகிறவர் அச்சு வழக்கத்தைத்தான் திருத்துகிறார். அழுத்தம் இடம் மாறினால் உயிர்களும் உடன் மாறி, சொல்லே அடையாளம் இழக்கிறது. இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று ஆராய்ந்து ஐதராபாத்தின் ஆர். கே. பன்சல் 1969-இல் வெளியிட்ட நூல், விளங்காமைக்கான முக்கியக் காரணங்களுள் இடம் தவறிய சொல்லழுத்தத்தையும் சேர்த்தது. எல்லா அசைக்கும் ஏறக்குறைய நிகரான எடை கொடுத்துப் பழகிய நாவுக்கு, ஆங்கிலச் சொல்லில் ஓர் அசையை உயர்த்துவதைவிட மற்றவற்றை மங்கவிடுவதே கடினம். உறவின் ஒரு முனையை மட்டும் கற்றுக்கொள்ள முடியாது என்பதால், பயிற்சி வலிய அசையிலிருந்தும் மெலிய அசையிலிருந்தும் ஒருசேரத் தொடங்க வேண்டியிருக்கிறது.